ஐந்நூறு சொற்களுக்குக் கீழே

பிள்ளையின் சட்டையில் பொத்தானைக் குத்திய அன்றே லோகேஷ் சொல்லிவிட்டான், இது ஒட்டுக்கேட்கிற சாமான்தான் என்று.

"நீயே சொல்லு கோபி. காலையில எட்டு மணியிலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் புள்ளைய வச்சுட்டு, பாலும் முட்டையும் குடுத்து, பாட்டும் பாடமும் சொல்லிக் குடுத்து, ஒத்த ரூவா வாங்காம எவன் செய்வான்? நாம பேசறதை வேற எவனோ வாங்கறான்."

கோபிகா பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டாம்பயறு அளவுதான் இருந்தது. நடுவில் ஊசிமுனை போல ஒரு பச்சை வெளிச்சம். இரண்டு வயது மகள் மகிழினி குனிந்து, தன் நெஞ்சில் புதிதாக முளைத்திருந்த அந்தக் கண்ணைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

பொத்தானைக் கொண்டுவந்தவள் ரெஜினா. மழலையகத் திட்டத்தின் களப்பணியாளர். இருபத்து மூன்று வயது, தோளில் பெரிய பை, யார் எது கேட்டாலும் முழுதாகப் பதில் சொல்லிவிடும் பழக்கம். வெள்ளிப்பாளையத்துத் தறித்தெருவில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்ற எட்டு லைன் வீடுகளின் பெண்கள் குழாயடியில் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வீட்டிலும் ஒவ்வொரு சின்னப் பிள்ளை. எட்டு அம்மாக்களும் ஒரே பட்டறையில் தறி ஓட்டுகிறவர்கள்.

"ஒரு நாளைக்குக் குழந்தை காதுல எத்தனை வார்த்தை விழுதுன்னு இது எண்ணும்க்கா. அவ்வளவுதான். என்ன பேசறீங்கன்னு இதுக்குத் தெரியாது" என்றாள் ரெஜினா.

"எண்ணத் தெரிஞ்சதுக்குக் கேக்கத் தெரியாதாக்கும்?" என்றாள் பூங்கொடி. மூன்றாம் வீட்டுக்காரி. குரல் பெரியது. தறிச் சத்தத்தையே தாண்டி வந்துவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

"சத்தியமாத் தெரியாதுக்கா. மொத மூணு வருசத்துல வார்த்தை காதுல விழுந்தாத்தான் மூளை வளரும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படி விழாத பிள்ளைங்க ஒண்ணாங்கிளாஸ் போறப்பவே பின்னாடி நின்னுடுது. அதுக்குன்னே பட்ஜெட்ல தனியாப் பணம் ஒதுக்கி, ஊருக்கு ஊரு மழலையகம் கட்டறாங்க. ஆனா இந்த வருசம் இங்க நாப்பது இடம்தான். எழுதிக் குடுத்தவங்க முந்நூறு பேர். அதனால முப்பது நாள் எண்ணிப் பார்த்துட்டு, யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கு முதல்ல."

"தேவைன்னா?"

"யாரு காதுல வார்த்தை கம்மியா விழுதோ அவங்களுக்கு."

பூங்கொடி மெதுவாகக் கேட்டாள்: "அப்பக் கம்மியா விழுந்தா எடம் கெடைக்குமா?"

"ஆமாக்கா" என்றாள் ரெஜினா, மலர்ந்த முகத்துடன்.

பாவம், அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

*

கோபிகாவுக்கு அந்த இடம் வேண்டும். மற்றவர்களைவிட அவளுக்கு அவசரம் அதிகம். அவள் வேலைக்குப் போகும்போது மகியையும் பட்டறைக்குத்தான் தூக்கிப்போவாள். நூல்கட்டுகள் அடுக்கிய அறையில் ஒரு தூளி கட்டியிருந்தது. அந்த அறைக்கும் இருபத்து நான்கு தறிகளுக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு மட்டும். போன மாதம் காது டாக்டர் மகியின் காதுக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு நிமிராமலே பேசினார். "இடது காது கொஞ்சம் மந்தமாயிருச்சும்மா. இன்னும் ஆறு மாசம் அந்தச் சத்தத்துல படுக்க வச்சீங்கன்னா ரெண்டும் திரும்பாது." வேலையை விட்டால் வாடகை கிடையாது. லோகேஷும் அதே பட்டறைதான், அதே பகல் ஷிப்டுதான். அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் மகியின் பின்னால் நின்று மெதுவாக ஒரு சொடக்குப் போட்டுப் பார்ப்பாள். பிள்ளை திரும்பும்வரை மூச்சு விடமாட்டாள்.

ரெஜினா போன அன்று மாலையே பூங்கொடி எட்டுப் பேரையும் கூட்டிவிட்டாள். பிள்ளைகளை ஆண்களிடம் விட்டுவிட்டு, தெருமுனையில், பொத்தான்களுக்கு எட்டாத தூரத்தில்.

"பொய் சொல்லச் சொல்லலை. பித்தலாட்டம் பண்ணச் சொல்லலை. ஒரு மாசம் வாயை மூடிட்டு இருங்கன்னுதான் சொல்றேன்."

"நீங்களா சொல்றீங்க்கா?" என்றாள் கோபிகா. எல்லோரும் சிரித்தார்கள்.

"பொத்தானைக் கழட்டி வச்சுட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உடம்புச் சூடு இல்லீன்னா அதுக்குத் தெரிஞ்சுருமாம். விண்ணப்பமே செல்லாதாம். அந்தப் புள்ள சொல்லுச்சு."

"பேசாம எப்படிக்கா புள்ளைய வளக்கறது? சோறு வேணுமா, தண்ணி வேணுமான்னு கேக்க வேண்டாமா?"

பூங்கொடி வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரலை உதட்டில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். தண்ணீர் வேண்டுமா? பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை எல்லோரும் செய்கிற சைகைதான்.

அந்தப் பட்டறையில் வாயால் பேசி யாரும் பார்த்ததில்லை. தறிகள் ஓடத் தொடங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் கேட்காது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கைகளிலேயே ஒரு பேச்சு வளர்ந்திருந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. காலரைத் தூக்கிவிடுவதுபோல் கழுத்தோரம் இரண்டு விரல் வைத்தால் முதலாளி வருகிறார், வாயையும் கையையும் அடக்கு. அவர் அப்படித்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே நுழைவார். மாமியார் சண்டை, சினிமாக் கதை, அடுத்த தறிக்காரனைப் பற்றிய கிண்டல், எல்லாமே கையில்தான். நான்கு தறிக்கு ஒரு கேமரா மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். தறி நின்றால் முதலாளியின் போனில் மணி அடிக்கும். ஆனால் கைகள் என்ன பேசுகின்றன என்று அதற்குத் தெரியாது. போன தீபாவளிக்குப் போனஸ் கேட்டு இரண்டு நாள் யாரும் வேலைக்குப் போகவில்லையே, அந்தத் திட்டம் முழுவதும் அந்தக் கேமராக்களுக்குக் கீழேதான், அவற்றின் முகத்துக்கு நேராகத்தான் பேசி முடிவானது. யார் காதிலும் விழாமல் பேசக்கூடிய ஒரே இடம் ஊரிலேயே சத்தமான அந்த இடம்தான்.

இப்போது அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

*

முதல் வாரம் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. டிவியை அணைத்தார்கள். ஆண்கள் போன் பேச வேண்டுமென்றால் தெருவுக்கு விரட்டப்பட்டார்கள். முதல் வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டை முழுக்கவும் போனில் தட்டச்சுச் செய்து நடந்தது, இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. எதிர்வீட்டு நாய்க்கே குரைக்கக் கூச்சம் வந்துவிட்டது.

ஏழாம் நாள் ரெஜினா வந்து பொத்தான்களைத் தன் போனோடு ஒட்டிப் பார்த்தாள். கோபிகா அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாளா? எதற்காக இத்தனை நேரம் பார்க்கிறாள்?

"உங்களுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரத்து நானூறுக்கா" என்றாள் ரெஜினா. பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்கிற குரலில், "பூங்கொடி அக்கா வீட்டுல ரெண்டாயிரம்தான். பாவம்."

அன்று மாலையிலிருந்து விளையாட்டு விளையாட்டாக இல்லை. எட்டு வீட்டிலும் எண் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்பது இடத்துக்கு முந்நூறு பேர். யார் எவ்வளவு கீழே என்று யாருக்கும் தெரியாது. பூங்கொடி வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள் கோபிகா. ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. பூங்கொடியும் அந்தப் பக்கம் காதை வைத்திருப்பாளோ என்று தோன்றியதும் சட்டென்று விலகினாள். முகம் சுட்டது. கடைசி வீட்டுக்காரி பிள்ளையோடு ஆற்றுப்பக்கம் போனால், பேசத்தான் போகிறாள் என்று ஒருத்தி, பேசாமலிருக்கத்தான் போகிறாள் என்று இன்னொருத்தி. இருமினால்கூடப் பொத்தான் அதை ஒரு வார்த்தையாக எண்ணிவிடுமோ என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

பதினைந்தாம் நாள் கோபிகா வீட்டில் தொள்ளாயிரம். இருபத்திரண்டாம் நாள் நானூற்றுப் பத்து.

ரெஜினா அன்று எண்களை உரக்கச் சொல்லவில்லை. போனைப் பார்த்துவிட்டு, "வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபிகா தலையாட்டினாள். அந்தக் கேள்வியை அன்று முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

அந்த மாதத்தில் ஒரு நாள். துணி அலசிக்கொண்டிருந்தபோது வாளியிலிருந்து ஒரு சோப்புக் குமிழி எழும்பியது. வெயிலில் ஏழு நிறமும் வழிய மகியின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. மகி மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். இது என்ன? பெயர் கேட்கிற பார்வை. கோபிகாவின் நாக்கில் அந்தச் சொல் முழுதாக வந்து உட்கார்ந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்து விரலையும் மொட்டுப்போல் குவித்து, மெல்லத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாததைக் காட்டினாள். குமிழி உடைந்தது. மகி தன் குட்டி விரல்களைக் குவித்தாள். திறந்தாள். சிரித்தாள்.

மறுநாள் பால் தீர்ந்த டம்ளரைக் காட்டி அதே சைகையைச் செய்தாள். அதற்கடுத்த நாள் மின்சாரம் போனபோது. பிறகு லோகேஷ் வேலைக்குக் கிளம்பிப் போன பின், காலியான வாசலைப் பார்த்து. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தது, இப்போது இல்லை என்பதற்கு அவளே அந்தக் குமிழியை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கோபிகாவுக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பிள்ளை 'அம்மா' என்று வாயால் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

*

பட்டியல் வந்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு எட்டுப் பேரும் வார்டு அலுவலகத்துக்கு ஓடினார்கள். நாற்பது பெயர். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

"காசு குடுத்தவனுக்குத்தான் எடம்" என்றாள் பூங்கொடி. அந்த அலுவலகத்துக் குரோட்டன்ஸ் செடிகூட நடுங்கியிருக்கும். "நான் அப்பவே நெனைச்சேன்."

ரெஜினா உள்ளேயிருந்து வந்தாள். கையில் இன்னொரு தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, உங்க எட்டுப் பேரு வேற பட்டியல்ல இருக்கு."

"வேற எது?"

"ஒரு வாரமாவது நாளுக்கு ஐந்நூறுக்குக் கீழ போனா வேற விதிக்கா. பேச்சே இல்லாத வீடுன்னு எடுத்துக்குவாங்க. கவனிப்பு இல்லாத வீடு. அந்தப் பிள்ளைங்களுக்குத் தங்கு மழலையகம். திங்கக்கிழமை காலையில வண்டி வந்து கூட்டிட்டுப் போகும். சனிக்கிழமை சாயங்காலம்தான் திருப்பி விடுவாங்க." அவள் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "எனக்கே தெரியாதுக்கா. அப்படி ஒரு விதி இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இல்ல. நாளெல்லாம் அடிச்சுக்கற வீட்டுலகூட நாலாயிரம் வரும். ஐந்நூறுக்குக் கீழ எந்த வீடும் வந்ததே இல்ல."

"எத்தனை தூரம்?" என்று கேட்டாள் கோபிகா.

"அறுபது கிலோமீட்டர்."

பூங்கொடி அந்தத் தாளைப் பிடுங்கித் தன் பிள்ளையின் பெயரைத் தேடினாள்.

*

ஆட்சேபம் சொல்ல ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். கோபிகா மகியைத் தூக்கிக்கொண்டு திட்ட அலுவலர் முன்னால் போய் நின்றாள். திவ்யபாரதி என்று மேசைப் பலகை சொன்னது. நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல சேலை, தூக்கமில்லாத கண்கள். பக்கத்தில் ரெஜினா நின்றாள்.

கோபிகா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தெருமுனைக் கூட்டம், டிவி, தட்டச்சுச் சண்டை எல்லாம். "நாங்க வேணும்னேதான் பேசலைங்க மேடம். எடம் கெடைக்கட்டும்னு."

"காலையிலருந்து மூணு பேர் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க." திவ்யபாரதி பேனாவை மூடினாள். "நான் நம்பலைன்னா நீங்க பிள்ளைய கவனிக்காதவங்க. நம்பினேன்னா, பேசத் தெரிஞ்சும் ஒரு மாசம் பிள்ளைகிட்ட வேணும்னே பேசாம இருந்தவங்க. ரெண்டுல எது பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க."

கோபிகாவுக்குக் காதுக்குள் தறி ஓடுவதுபோல் இருந்தது.

"பேசாம இல்லைங்க. கையில பேசினோம்."

"கையிலயா?"

"பட்டறையில பேசற மாதிரி. நீங்க எது வேணும்னாலும் என்ற காதுல சொல்லுங்க மேடம். நான் வாயைத் திறக்காம அவகிட்டச் சொல்றேன்."

திவ்யபாரதி சந்தேகமாகப் பார்த்தாள். எழுந்து வந்து கோபிகாவை அறையின் ஒரு கோடியில் நிறுத்தினாள், மகியை மறுகோடியில். பிறகு காதருகே ஏதோ சொன்னாள். கோபிகாவின் கைகள் எழுந்தன.

மகி பார்த்தாள். மேசைக்குப் போனாள். மூன்று பேனாக்களில் சிவப்பு மூடி போட்டதை எடுத்தாள். அதை ரெஜினாவிடம் கொடுக்காமல், வாசலில் நின்ற காவலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். சொன்னது அத்தனையும் அதுதான்.

"இன்னொண்ணு" என்றாள் திவ்யபாரதி. இன்னொன்றும் நடந்தது. மூன்றாவதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் மகி நாற்காலிக்குக் கீழிருந்து வெளியே வந்தாள். திவ்யபாரதியைச் சுட்டிக்காட்டி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டிப் பிரித்தாள். கோபிகாவைப் பார்த்து அவசரமாக மறுபடி பிரித்தாள்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்லைங்க."

"சொல்லுங்கம்மா."

"உங்க சேலை முந்தியில நூல் பிரிஞ்சு தொங்குதாமுங்க. நிறுத்திட்டு முடிச்சுப் போடச் சொல்றா."

திவ்யபாரதி குனிந்து பார்த்தாள். தொங்கியது. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். காவலாளி பேனாவோடு எட்டிப் பார்த்தான். திவ்யபாரதி உட்கார்ந்து அந்த நூலை விரலில் சுற்றினாள்.

"ரெண்டு வயசுக்கு இது ரொம்பவே அதிகம்" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஆனா என் கண்ணால பார்த்ததை நான் எழுத முடியாது. இயந்திரம் எண்ணினாத்தான் செல்லும். ஒரு வழி இருக்கு. இந்தச் சைகை எல்லாத்தையும் கேமரா முன்னாடி செஞ்சு காட்டி, அர்த்தம் சொல்லுங்க. அகராதி மாதிரி. அதை ஏத்திட்டா, பிள்ளைங்க கையில பேசறதையும் வார்த்தையா எண்ணிடும். எட்டுப் பேருக்கும் பகல் மழலையகத்துலயே இடம் போட நானே கையெழுத்துப் போடறேன். மழலையகத்துல பாடம் காட்டற திரையிலயும் அந்தக் கைகளையே வைக்கச் சொல்றேன். பழகின பேச்சு நின்னு போகக் கூடாதில்லையா?"

நல்ல மனுஷிதான். அதில்தான் கோபிகாவுக்குச் சந்தேகம் வந்தது. "அந்த அகராதி உங்ககிட்டயே இருக்குமுங்களா மேடம்?"

"என்கிட்ட எதுக்கும்மா? மக்கள் வரிப்பணத்துல செய்யறது. இணையத்துல போட்டுருவோம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், எந்தக் கேமராவுக்கு வேணும்னாலும் சொல்லிக்குடுக்கலாம். எவ்வளவு பேருக்கு உதவும் பாருங்க."

எந்தக் கேமராவுக்கு வேண்டுமானாலும். கோபிகா நான்கு தறிக்கு ஒன்றாகத் தொங்கும் அந்தக் கருப்புக் கண்களை நினைத்துக்கொண்டாள்.

*

"அப்ப எட்டுப் புள்ளைய மீட்டுட்டு, பட்டறை வாயைத் தெறந்து முதலாளி கையில குடுத்துட்டு வரப்போற" என்றாள் பூங்கொடி. "ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"உங்க புள்ளையும்தான் அந்த வண்டியில ஏறணும்க்கா."

பூங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். "திங்கக்கிழமையா?"

"திங்கக்கிழமை."

மறுநாள் பட்டறையில், ஓடும் தறிகளுக்கு நடுவே, கேமராக்களின் முகத்துக்கு நேராக எட்டுப் பேரும் கடைசித் தடவையாகப் பயமில்லாமல் பேசிக்கொண்டார்கள். பால், தண்ணீர், தூக்கம், வலி, நூல், குமிழி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே அகராதிக்குச் சொல்லிவிடலாம். மறைக்க வேண்டியவை என்று எண்ணிப் பார்த்ததில் பதினோரு சைகைகள் தேறின. அவற்றைச் சொல்லாமல் விட முடியாது, பிள்ளைகள் எந்நேரமும் செய்து காட்டிவிடும். அர்த்தத்தைத்தான் மாற்ற வேண்டும். 'தறியை நிறுத்து' என்பது 'கண்ணை மூடு' ஆனது. 'கேமரா பார்க்கிறது' என்பது 'நிலா' ஆனது. 'நாளைக்கு யாரும் வராதே' என்பதற்கு 'மழை வரும்' என்று வைத்தாள் பூங்கொடி. அதில் அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் ரெஜினா பதிவு செய்தாள். கோபிகா கேமரா முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினாள். மகி மடியில். பக்கத்தில் திவ்யபாரதி. எல்லாம் முடிந்ததென்று எழுந்தபோது, வாசலில் யாரோ காலரைச் சரிசெய்துகொண்டே நடந்து போனார்கள். மகி உடனே கழுத்தோரம் இரண்டு விரலை வைத்தாள்.

திரையில் எழுத்து ஓடியது. *புதிய சைகை. பொருள் தரவும்.*

பதினொன்றில் அது விட்டுப்போயிருந்தது. தினமும் ஐம்பது தடவை செய்வது. செய்கிறோம் என்பதே யாருக்கும் நினைவில்லை.

"இது என்னம்மா?" திவ்யபாரதி கேட்டாள்.

கோபிகா நினைத்துப் பார்த்தாள். அப்பாவுக்கு மகி தனியாக ஒரு சைகை வைத்திருக்கவில்லை. வாசலைத்தான் காட்டுவாள்.

"அப்பாங்க" என்றாள். "அப்பா வர்றாருன்னு அர்த்தம்."

திவ்யபாரதி வாசலைப் பார்த்தாள். மகியைப் பார்த்தாள். கோபிகாவின் முகத்தில் பார்வை கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. "சரி, ரெஜினா. அப்பான்னு போட்டுக்கோ."

*

தூளியைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. ஆறு வாரத்தில், இடது பக்கம் சொடக்குப் போட்டாலும் மகி திரும்பினாள். மழலையகத்தில் அவளைச் சுற்றி நாளெல்லாம் வார்த்தைகள். முட்டை, பாட்டு, படம். சுவரளவு திரையில் பெரிய பெரிய கைகள், கோபிகா செய்து காட்டிய அதே கைகள், குழந்தைகளோடு பேசின. மகி மறுபடி 'அம்மா' என்றாள். அன்று கோபிகா வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள்.

பட்டறையிலும் ஒரு மாற்றம். "கேமராக்காரன் வந்து புதுசா என்னமோ ஏத்திட்டுப் போனான்" என்று லோகேஷ் சொன்னான். "முதலாளி ரெண்டு நாளா போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கான். என்ன தெரிஞ்சுதோ தெரியலை, நெத்தியைச் சொறியறான். ஒரு ஆளைக் கூப்பிட்டு, 'ஏன்டா இந்தப் பொம்பளைங்க எந்நேரமும் அப்பாவையே நெனைக்குதுங்க'ன்னு கேட்டானாம்."

கோபிகா விழுந்து விழுந்து சிரித்தாள். லைன் முழுக்கச் சிரித்தது. இப்போது யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. ஒரு மாதம் விழுங்கியதையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். சாயங்காலமானால் எட்டுக் கதவும் திறந்து கிடக்கும். டிவி, குக்கர் விசில், பூங்கொடியின் குரல்.

அப்படி ஒரு சாயங்காலம் லோகேஷ் சாமான் வாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகி அவனைப் பார்த்து எழுந்து ஓடினாள். பாதியில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பாக, கழுத்தோரம் இரண்டு விரலை வைத்தாள்.

லோகேஷின் முதுகு தானாக நிமிர்ந்தது. சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

"யாரைச் சொல்றா இவ?"

"உங்களைத்தான் மாமா" என்றாள் கோபிகா. "அங்க அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

அவன் பையைக் கீழே வைத்தான். "என்னையவா? அந்த முதலாளி சைகையிலயா? மாத்திச் சொல்லிக் குடு கோபி. இப்பவே சொல்லிக் குடு."

"குடுத்தா நாளைக்கு மழலையகத்துக் கேமரா முன்னாடி போயிச் சரியாச் சொல்லிருவா. அப்புறம் நாம மாத்திச் சொன்னது வெளிய தெரிஞ்சுரும்."

மகிக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை போலும் என்று நினைத்தாளோ என்னவோ, அவன் கால்களைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். அவன் தோளில் உட்கார்ந்து, லைன் முழுவதும் பார்க்கும்படி கையை நன்றாகத் தூக்கி, இரண்டு விரலையும் தன் கழுத்தோரம் வைத்து ஆட்டினாள்.

மூன்றாம் வீட்டு வாசலில் பூங்கொடி யாரையோ வைதுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது. நான்காம் வீட்டில் மிக்ஸி நின்றது. ஒரு கை எட்டி டிவியை அணைத்தது. ஒவ்வொரு கதவாக, கடைசி வீடுவரை அடங்கியது.

அந்த அமைதியின் நடுவில் மகி, தன் அப்பா வந்துவிட்ட செய்தியை, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.